பொருள்வயிற் பிரிந்தவனும் மரத்தில் இருந்த பேயும்: மணி கௌலின் ‘துவிதா’ பற்றிச் சில குறிப்புகள்

உயர்தர வகுப்புக்கு ஐந்திணை படிப்பிக்கும்போது பாலைக்கு வந்ததும் வகுப்பு கொஞ்சம் அடங்கிவிடும். குறிஞ்சியில் பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். மருதத்தில் கண்ணால் பேசிக்கொள்வார்கள். பாலையில் சும்மா இருந்து கேட்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் அப்படியொரு நாளில் பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “டீச்சர், பொருள் தேடிப் போறவர் எத்தனை வருஷத்துக்குப் போவார்?” என்று கேட்டாள். வேந்தன் பொருட்டுப் பிரிகின்றவன் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், ஏனைய பிரிவுகளுக்கும் அதுவே எல்லை என்று தொல்காப்பியக் கற்பியல் சொல்வதை எடுத்துச் சொன்னேன். “அப்ப எங்கட வாப்பா பாலைத்திணையில வரமாட்டார், டீச்சர். அவர் போய் ஏழு வருஷம்” என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தப் பதில் மனதை அரித்துக்கொண்டிருந்த காலத்திலேதான் ‘துவிதா’ என்ற பழைய ஹிந்தித் திரைப்படம் எனக்குப் பார்க்கக் கிடைத்தது. 1973இல் மணி கௌல் நெறிப்படுத்திய படம். ஒன்றரை மணித்தியாலத்துக்கும் குறைவாகவே ஓடும். அந்த ஆண்டுப் படங்களுக்கான இந்திய தேசிய விருதுகளில் சிறந்த நெறியாளர் விருது இதற்காக மணி கௌலுக்குக் கிடைத்தது. எனினும் திரையரங்குகளில் இது பரவலாக ஓடிய படமல்ல. ஹிந்திப் படம் என்றால் பாட்டும் சண்டையும் என்று பழகிப்போன நம்மில் பெரும்பாலானோர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பாலைநிலத்தில் தனித்துவிடப்பட்ட ஒரு பெண்ணின் ஆசையைப் பற்றியது இப்படம். அகத்திணை படித்தவர்களுக்கு இதிலே பிடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கதை

‘துவிதா’ என்றால் இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறும் நிலை. நமது வழக்கில் சொன்னால் இருதலைக்கொள்ளி.

ராஜஸ்தானில் ஒரு வணிகக் குடும்பம். கலியாணம் முடித்து மணமகளை மாட்டுவண்டியில் ஊருக்குக் கூட்டிவருகிறார்கள். வழியில் புதரில் சிவந்து பழுத்திருக்கும் காட்டுப்பழங்களைக் கண்டு அவளுக்கு ஆசை வருகிறது. மாப்பிள்ளைக்கு அது பட்டிக்காட்டார் தின்னும் பழம். நமது தரத்துக்குச் சரிவராது என்பது அவன் எண்ணம். அவன் கவனமெல்லாம் கலியாணச் செலவுக் கணக்கில் இருக்கிறது. இளைப்பாற நின்ற இடத்து மரத்தில் ஒரு பேய் குடியிருக்கிறது. அது மணமகளைக் கண்டு மயங்கிவிடுகிறது.

வீடு வந்து சேர்ந்த சூட்டோடு மாப்பிள்ளை தூரதேசம் புறப்படுகிறான். வியாபாரம் தொடங்க நல்ல நேரம் கூடியிருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது என்பது தகப்பனின் கட்டளை. போனால் திரும்ப ஐந்து வருடம். மகனுக்கும் மறுபேச்சு இல்லை. அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

அவன் போன செய்தி பேய்க்குத் தெரியவருகிறது. அவனுடைய உருவத்தை எடுத்துக்கொண்டு அது வீட்டுக்கு வருகிறது. புறப்பட்ட மகன் ஏன் திரும்பி வந்தான் என்று தகப்பன் கேட்க, வழியிலே கிடைத்த ஒரு வரத்தால் தனக்கு நாள்தோறும் பொற்காசு கிடைக்கும் என்று கதை கட்டுகிறது. காசு வருகிறதென்றால் தகப்பனுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆனால் மணப்பெண்ணிடம் போனதும் பேயால் பொய் சொல்ல முடியவில்லை. நான் உன் கணவனல்ல, மரத்தில் இருந்த பேய், உன்மேல் கொண்ட ஆசையால் வந்தேன், இனி நீயே முடிவு செய் என்கிறது. அவள் தடுமாறுகிறாள். பிறகு ஏற்றுக்கொள்கிறாள்.

வருடங்கள் போகின்றன. அவள் கருவுற்ற சேதி தூரதேசத்துக் கணவனின் காதில் விழுகிறது. அவன் ஓடோடி வருகிறான். வீட்டிலே தன் உருவத்தில் இன்னொருவன். அவளுக்குப் பெண்குழந்தை பிறந்திருக்கிறது. யார் உண்மை மகன் என்று பெற்ற தகப்பனாலேயே சொல்ல முடியவில்லை. நீதி கேட்டு அரசனிடம் போகும் வழியில் ஆட்டிடையன் ஒருவன் குறுக்கிட்டு, இதைத் தீர்க்க அரசன் எதற்கு என்று மூன்று சோதனைகள் வைக்கிறான். கடைசிச் சோதனை, தண்ணீர் சுமக்கும் தோற்பைக்குள் நுழைந்து காட்டுவது. மனிதனால் முடியாதது பேயால் முடியும். அவளுக்காக எதையும் செய்யத் துணிந்த பேய் உள்ளே நுழைகிறது. இடையன் பையின் வாயை இறுகக் கட்டிவிடுகிறான். அவள் குழந்தையோடு, தான் அறியாத கணவனின் வீட்டிலே மிஞ்சுகிறாள்.

மீனவன் ஒருவன் ஜின்னைத் தந்திரமாகப் பேசித் திரும்பவும் சாடிக்குள் அடைக்கும் ‘ஆயிரத்தொரு இரவுகள்’ கதை நமக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த இடத்தில் கைதட்டினோம். இந்தப் படத்தில் அதே இடம் வரும்போது கைதட்டத் தோன்றாது.

கதை வந்த வழி

இக்கதையை எழுத்தாக்கியவர் விஜய்தான் தேத்தா. 1926இல் பிறந்து 2013இல் மறைந்தவர். ஜோத்பூர் மாவட்டத்துப் போருந்தா என்ற கிராமமே அவருடைய ஊர். பட்டணத்துக்குப் போய் ஹிந்தியில் எழுதிப் பெயர் எடுக்கக்கூடிய ஒருவர், கிராமத்திலேயே இருந்து ராஜஸ்தானி மொழியில் எழுதினார். ஊர் மக்கள் சொல்லிவந்த கதைகளைக் கேட்டு, அவற்றின் எலும்பை வைத்துக்கொண்டு தன் கேள்விகளைச் சதையாக ஏற்றினார். ‘பாதான் ரி புல்வாரி’ என்ற பெயரில் அக்கதைகள் 14 தொகுதிகளாக வெளிவந்தன. 1974இல் ராஜஸ்தானி மொழிக்கான சாகித்திய அக்கடமி விருது அவருக்குக் கிடைத்தது.

அவரும் நாட்டாரியல் அறிஞர் கோமல் கோத்தாரியும் சேர்ந்து 1960இல் போருந்தாவிலேயே ‘ரூபாயன் சன்ஸ்தான்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நாட்டார் கதைகளையும் பாடல்களையும் சேகரிப்பது அதன் பணி. லங்கா, மங்கணியார் ஆகிய இசைச் சமூகங்களை உலக மேடைகளுக்குக் கொண்டுவந்ததில் கோத்தாரிக்குப் பெரும் பங்குண்டு. இவ்விரண்டும் முஸ்லிம் சமூகங்கள் என்பது நம் வாசகர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். பரம்பரை பரம்பரையாகப் பாட்டே இவர்களது சீவனோபாயம். தங்களை ஆதரிக்கும் குடும்பங்களில் பிள்ளை பிறந்தாலும் கலியாணம் நடந்தாலும் போய்ப் பாடுவார்கள். மங்கணியார்களின் ஆதரவாளர்களில் பெரும்பாலானோர் இந்துக்களான ராஜபுத்திரர்கள். ‘துவிதா’வின் இசைக்கலைஞர்களாக ரம்ஸான் ஹம்மு, லத்தீஃப், சாக்கி கான் என்ற பெயர்களைக் காண்கிறோம். பம்பாய் இசைக்கூடத்தில் கூட்டிச் சேர்த்த இசை இப்படத்தில் இல்லை. தொண்டை திறந்து பாடும் அந்த மண்ணின் குரல்களே இருக்கின்றன.

மணி கௌல்

மணி கௌல் 1944இல் ஜோத்பூரில் பிறந்தவர். காஷ்மீர்ப் பண்டிதர் குடும்பம். புனே திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் படித்தார். அவருடைய முதல் மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். முதற்படமான ‘உஸ்கி ரோட்டி’யில் பஸ் சாரதியான கணவனுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு தெருவோரத்தில் ஒரு பெண் காத்திருக்கிறாள். இரண்டாவதான ‘ஆஷாட் கா ஏக் தின்’ படத்தில் அரசவைக்குப் போய்விட்ட காளிதாசனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். மூன்றாவது ‘துவிதா’. மூன்றிலும் போனவனின் சாகசத்தை அவர் பின்தொடரவில்லை. கமரா வீட்டோடு நின்றுவிடுகிறது.

‘துவிதா’ அவருடைய முதலாவது வர்ணப்படம். தயாரிக்க வழி செய்தவர் ஓவியர் அக்பர் பதம்சி. தனக்குக் கிடைத்த நேரு புலமைப்பரிசில் பணத்தைக் கொண்டு, பல துறைக் கலைஞர்கள் கூடி வேலைசெய்வதற்கு ஒரு பட்டறையை அவர் அமைத்திருந்தார். பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பிறர் கலைக்கும் திறந்துவிட்ட அந்த மனசு இல்லாவிட்டால் இப்படம் வந்திருக்காது. மணப்பெண்ணாக வருபவர் அவருடைய மகள் ரைஸா பதம்சி. கணவனாகவும் பேயாகவும் மலையாள நடிகர் ரவி மேனன் நடித்திருக்கிறார். ஒளிப்பதிவு நவ்ரோஸ் கொன்ட்ராக்டர். 16 மி.மீ. படச்சுருளில் எடுத்துப் பின்னர் 35 மி.மீ.க்குப் பெருப்பித்தார்கள். படப்பிடிப்பு நடந்த இடம் வேறெங்குமல்ல, கதாசிரியரின் போருந்தாக் கிராமம்தான்.

பின்னாளில் மணி கௌல் உஸ்தாத் ஸியா முஹியித்தீன் டாகரிடம் துருபத் இசை பயின்றார். அந்த இசை பற்றியே ‘துருபத்’ என்றொரு படமும் எடுத்தார். ஒரு சுரத்தை அவசரமில்லாமல் நின்று விரிக்கும் துருபத்தின் சுபாவம் இவருக்கு ஏன் பிடித்தது என்பதை ‘துவிதா’ பார்த்தவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

படத்தைப் பார்க்கும் முறை

இப்படத்தைப் பழக்கமான கண்ணோடு பார்த்தால் பத்து நிமிடத்தில் எழும்பிப் போய்விடுவோம். நடிகர்கள் அழுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை, முகத்தில் உணர்ச்சியைக் கொட்டுவதில்லை. கதை பெரும்பாலும் பின்னணிக் குரலில் சொல்லப்படுகிறது. ஆட்களின் மனதில் ஓடுவதும் குரலாகவே கேட்கிறது. இடையிடையே காட்சி அசையாப் படமாக உறைந்து நின்றுவிடுகிறது.

இதற்கெல்லாம் காரணம் இருக்கிறது. கங்ரா, பசோலி ஆகிய சிற்றோவிய மரபுகளிலிருந்து வர்ணத்தையும் சட்டக அமைப்பையும் மணி கௌல் எடுத்துக்கொண்டார். சிற்றோவியத்தில் காதலனைக் காத்திருக்கும் பெண் ஒருபோதும் வாய்விட்டு அழுவதில்லை. அவள் சாய்ந்திருக்கும் சுவர், ஆடையின் சிவப்பு, கையின் வளைவு, இவைதான் அவள் நிலைமையைச் சொல்லும். படத்திலும் அவ்வாறே. வெள்ளையடித்த சுவர்கள். அதன் முன்னே சிவந்த முக்காடு. வாசற்படியில் ஒரு பாதம். வெயில் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது.

பாலை என்றதும் நாம் மணற்குன்றுகளையும் ஒட்டகங்களையும் எதிர்பார்ப்போம். இந்தப் படத்தின் பாலை பெரும்பாலும் வீட்டுக்குள்ளே இருக்கிறது. முற்றமும் படிக்கட்டும் பாதி திறந்த கதவும்தான் அவளுடைய உலகம். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. உள்ளே பார்வையை மறிக்கும் வெள்ளைச் சுவர். இரண்டிலும் பேசக் கிடைக்க ஓர் ஆளில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கணவனுக்கும் பேய்க்கும் ஒரே முகம். ஒப்பனையிலோ ஆடையிலோ வேறுபடுத்தி, இவன்தான் பேய் என்று நமக்கு உதவிசெய்ய நெறியாளர் முயலவில்லை. நடத்தையை வைத்துத்தான் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. ஒருவன் கணக்குப் பார்க்கிறான். மற்றவன் அவளைப் பார்க்கிறான்.

குறை சொல்ல இடமில்லாத படம் என்று நான் சொல்லவரவில்லை. சத்யஜித் ராய் 1974இல் அக்காலத்துப் புதிய ஹிந்திப் படங்கள் சிலவற்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் ‘துவிதா’வும் இடம்பெற்றது. அவருக்கு இது நிறைவளிக்கவில்லை. உணர்ச்சி வறண்டுபோய் வடிவம் மட்டும் துருத்தி நிற்கிறது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. முதல் முறை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் முறை அந்தப் பழங்களின் சிவப்பும் அவள் முக்காட்டின் சிவப்பும் ஒன்றென்று கண்டபோதுதான் கதவு திறந்தது. கேட்டது கிடைக்காத ஒருத்தியின் கதை அந்தப் புதரடியிலேயே தொடங்கிவிடுகிறது.

பாலை எங்கே இருக்கிறது

தொல்காப்பியம் பாலையை நடுவுநிலைத் திணை என்கிறது. மற்ற நான்குக்கும் நிலம் உண்டு, பாலைக்கென்று தனி நிலம் சொல்லப்படவில்லை. வேனிலும் நண்பகலும் அதன் பொழுது. பிரிவு அதன் உரிப்பொருள். முல்லையும் குறிஞ்சியும் மழையின்றித் தம் இயல்பு கெட்டால் அவையே பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. அதாவது எந்த நிலமும் பாலையாகலாம். கவனிப்பு இல்லாமற்போனால் போதும்.

தமிழ்நாட்டில் தார்ப் பாலைவனம் போல ஒன்று கிடையாது. நமது புலவர்கள் மணற்கடலைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பொருள்வயிற் பிரிவு என்ற அந்தத் துறை ராஜஸ்தான் வணிகர் வாழ்க்கைக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. மார்வாரிகள் எனப்படும் அவ்வணிகர்கள் கல்கத்தா, பம்பாய் என்று போய்த் தொழில் செய்தார்கள். குடும்பம் ஊரிலே. சேகாவத்திப் பகுதியில் அவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பிய, சுவரெல்லாம் சித்திரம் தீட்டிய மாளிகைகளை இன்று சுற்றுலாப் பயணிகள் பார்த்து வியக்கிறார்கள். வீட்டைக் கட்டியவர்கள் வெளியே, கட்டிய வீட்டுக்குள் பெண்கள். எங்கட ஊர்களில் தட்டு வீடு எழும்பும்போது நாம் சொல்கிற “சவூதிக் காசு” என்ற வார்த்தை எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சங்கப் பாலைப் பாடல்களில் தலைவன் போகுமுன் தயங்குவான். பொருளா, இவளா என்று தன் நெஞ்சோடு வழக்காடுவான். பாதி வழியில் திரும்பிவரவும் நினைப்பான். அந்தத் தயக்கந்தான் அவனை மனிதனாக்குகிறது. ‘துவிதா’வின் கணவனிடம் அந்தத் தயக்கம் இல்லை. அவனுடைய துவிதா நடக்கவே இல்லை. அது முழுவதும் அவள் தலையில் விழுகிறது.

பேய் சொன்ன உண்மை

இந்தக் கதையைச் சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். “அப்ப பேயோட வாழ்ந்தவளை நியாயப்படுத்துறீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓமென்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஆனால் கதை அவளுக்கு நற்சான்றிதழ் கொடுக்கச் சொல்லி நம்மிடம் கேட்கவில்லை. அது ஆட்களை வரிசையாக நிறுத்துகிறது. தகப்பன் பொற்காசுக்காகப் பேயை மகனென்று ஏற்றான். கணவன் நல்ல நேரத்துக்காக மனைவியை விட்டான். இடையன் கெட்டிக்காரத்தனத்தால் வழக்கைத் தீர்த்தான், அவளிடம் ஒரு வார்த்தை கேளாமல். பேய் ஒன்றுதான் அவளிடம் உண்மையைச் சொல்லி, உன் விருப்பம் என்ன என்று கேட்டது. மனிதர்கள் கேட்கவேண்டியதைப் பேய் கேட்டால், குறை பேயிலா மனிதரிலா என்பதுதான் கதை நம்மிடம் வைக்கும் வழக்கு.

நமக்கு இது அந்நியமான கேள்வியுமல்ல. கலீபா உமர் (ரழி) அவர்கள் இரவில் நகரைச் சுற்றி வரும்போது, போருக்குப் போன கணவனை நினைத்து ஒரு பெண் தனிமையில் புலம்புவதைக் கேட்ட சம்பவத்தைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று மகள் ஹஃப்ஸா (ரழி) அவர்களிடம் விசாரித்து, அதற்கேற்பப் படைவீரர்களுக்குத் தவணை வைத்தார்கள் என்பது அந்தச் செய்தி. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வருகின்றன. எனக்கு இதிலே முக்கியமாகப் படுவது எண்ணிக்கையல்ல. ஆட்சியாளர் ஒருவர் அதை ஒரு பெண்ணிடம் கேட்டார் என்பதுதான்.

தொல்காப்பியம் ஒரு வருடம் என்றது. கலீபா சில மாதங்கள் என்றார். எங்கட ஒழுங்கையிலே கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை கட்டாருக்குப் போனவர்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து குழந்தைக்கு அந்நியராகி நிற்கிறார்கள். இப்போது உம்மாமார்களும் போகிறார்கள். அங்கே காத்திருப்பது பிள்ளைகள். போகிறவர்களைக் குறைகூற என்னால் முடியாது. வீட்டுக் கடனும் சீதனமும் துரத்தினால் யாரும் போவார்கள். நான் சொல்வது, போவதற்கு முன் இருக்கப்போகிறவரிடம் கேட்கிறோமா என்பதைத்தான்.

முடிவு

இதே கதையை 2005இல் அமோல் பாலேக்கர் ‘பஹேலி’ என்று பெரும் பொருட்செலவில் எடுத்தார். ஷாருக் கானும் ராணி முகர்ஜியும் நடித்தார்கள். அது நம்மில் பலர் பார்த்த படம். ஒஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுதான். அதன் முடிவில் பேய் கணவனின் உடம்புக்குள் வந்து சேர்ந்துவிடுகிறது. அவளுக்கு அன்பும் கிடைக்கிறது, ஊர் ஏற்கும் தாம்பத்தியமும் கிடைக்கிறது. பார்ப்பவரும் சந்தோஷமாக வீடு போகலாம். மணி கௌல் அந்த ஆறுதலைத் தரவில்லை. பையின் வாய் கட்டப்பட்டது கட்டப்பட்டதுதான். கணவன் திரும்பி வந்துவிட்டான், வழக்கும் தீர்ந்துவிட்டது, அவளுடைய பாலை இனித்தான் தொடங்குகிறது.

அந்த மாணவி இப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் படிக்கிறாள். போன வருடம் அவளுடைய வாப்பா வந்துவிட்டாராம். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “நல்ல மனிசன் டீச்சர். ஆனா உம்மாவும் அவரும் விருந்தாளிகளைப் போலத்தான் கதைச்சுக்கொள்றாங்க” என்றாள்.

இந்த வருடமும் பாலை படிப்பிக்க வேண்டும். ஓராண்டு என்ற எல்லையைச் சொல்லிவிட்டு, இம்முறை இந்தக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்திருக்கிறேன். பழத்துக்கு ஆசைப்பட்டவளிடமிருந்து தொடங்கலாம்.